மீதி 167 மணி நேரம்

பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. கழுவிக் காயவைத்து, நாலைந்து கூழாங்கற்களையும் இரண்டு வண்ணத் துணித் துண்டுகளையும் உள்ளே போட்டு, பிள்ளையால் கழற்ற முடியாதபடி மூடியைத் திருகி ஒட்டிவிட்டால் கிலுகிலுப்பை தயார். காசு ஒன்றும் செலவில்லை. இந்தக் கிலுகிலுப்பை ஒரு மனிதரின் முப்பது வயதுச் சம்பளத்தில் போய் எதிரொலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றாது. எனக்கும் முதலில் நம்பத் தோன்றவில்லை. ஆய்வறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கத்தான், நம்பாமல் இருக்க முடியாது என்றாயிற்று.

1980களின் பின்பாதி. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். தகரத் தடுப்பு போட்ட ஏழை வளவுகளுக்குள் சில பெண்கள் வாரம் ஒருமுறை, தோளில் ஒரு பையோடு நடந்து போனார்கள். சமூக சுகாதார உதவியாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். டாக்டர்களும் இல்லை, நர்ஸுகளும் இல்லை. ஜமைக்கா அரசின் சுகாதாரத் துறையில் ஏற்கெனவே இருந்த கடைநிலைப் பணி அது. சில வாரப் பயிற்சி வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தார்கள். பையில் மருந்து மாத்திரை கிடையாது. பாட்டில் மூடிகளைக் கோத்த சரம், ஜூஸ் டப்பாவை மடித்துச் செய்த கட்டை, துணி அடைத்த பொம்மை, கையால் வரைந்த படப் புத்தகம் ஆகியவைதான் இருந்தன.

ஒரு வருகை ஏறக்குறைய இப்படி நடந்திருக்கும். வந்தவர் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகமாட்டார். உள்ளே வந்து தரையில் உட்காருவார். போன வாரம் கொடுத்துவிட்டுப் போன பொம்மையோடு பிள்ளை என்ன செய்தது என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சொல்லும்வரை காத்திருப்பார். பிறகு பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, பிள்ளையின் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைப்பார். பிள்ளை அதைப் பார்க்கும், தட்டும், வாயில் வைக்கும். ஒரு கட்டைமேல் இன்னொரு கட்டையை அவர் அடுக்கிக் காட்டுவார். அதுவரை எல்லோருக்கும் எளிது. அதற்கப்புறம் அவர் செய்வதுதான் கடினமானது. கையை எடுத்துக்கொண்டு, கட்டைகளை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு, சும்மா இருப்பார். அம்மா தயங்கித் தயங்கி ஒரு கட்டையை வைப்பாள். பிள்ளை தட்டிவிட்டுச் சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். வந்தவர் பிள்ளையை ஒருமுறை பாராட்டினால் அம்மாவை இரண்டுமுறை பாராட்டுவார். கிளம்பும்போது பழைய பொம்மையை வாங்கிக்கொண்டு புதியதை விட்டுவிட்டுப் போவார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒன்று போனால் மீதி 167. இந்த அத்தியாயம் அந்த 167-ஐப் பற்றியதுதான்.

கதை தொடங்குவது ஆஸ்பத்திரியில். சாலி கிரந்தம்-மெக்ரெகர் பிரிட்டனில் மருத்துவம் படித்து ஜமைக்காவுக்கு வந்த டாக்டர். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில், கடுமையான ஊட்டக்குறைவோடு வரும் குழந்தைகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. எலும்பும் தோலுமாகவோ, உடம்பெல்லாம் நீர்கோத்தோ தூக்கிக்கொண்டு வருவார்கள். சிகிச்சை கைதேர்ந்தது. சில வாரங்களில் எடை ஏறும், கன்னம் உப்பும், பிள்ளை பிழைத்துவிடும். ஆனால் பிழைத்த பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாடவில்லை, பேசவில்லை, துருவித் துருவிப் பார்க்கவில்லை. உடம்பு தேறியும் மனம் பின்தங்கி நின்றது. சாப்பாட்டைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உலகமே எண்ணியிருந்த காலம் அது.

அவரும் கூட்டாளிகளும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விளையாட்டைத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் போன பிறகும் 3 ஆண்டுகள் ஆள் அனுப்பி விளையாட்டைத் தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள், அதே சிகிச்சையை மட்டும் பெற்ற பிள்ளைகளைத் தாண்டி எங்கோ போனார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் அழியவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் வருகிற பிள்ளைகள் மிகச் சிலர். வராமல், சாகாமல், வளராமல் வீட்டிலேயே இருக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இது உதவுமா?

இன்னொரு கேள்வியும் இருந்தது. எத்தனை நாளுக்கொருமுறை போக வேண்டும்? பட்ஜெட் போடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சக ஆய்வாளர் கிறிஸ்டின் பவலும் கிரந்தம்-மெக்ரெகரும் கிங்ஸ்டனின் ஏழைக் குடும்பங்களில் அதை அளந்து 1989-ல் வெளியிட்டார்கள். மாதம் ஒருமுறை போன வீட்டுப் பிள்ளைகளுக்கும், போகவே போகாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினைந்து நாளுக்கொருமுறை போனதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. வாரம் ஒருமுறை போனபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. இந்த முடிவைக் கொஞ்சம் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மாதம் ஒரு வருகை என்று எழுதிவைத்துக்கொண்டு நடக்கிற திட்டங்கள் உலகத்தில் ஏராளம்.

இனி, பெரிய சோதனை. 1986-87-ல் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில் ஆய்வுக் குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். எடையைவிட உயரம்தான் உண்மையைச் சொல்லும். எடை ஒரு வாரக் காய்ச்சலில் குறைந்து அடுத்த வாரம் ஏறிவிடும். உயரம் அப்படி இல்லை. பல மாதம் அரைவயிறு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, சுத்தமில்லாத தண்ணீர் என்று வாழ்ந்ததெல்லாம் உயரத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கும். வயதுக்குரிய உயரத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்த, 9 முதல் 24 மாத வயதுக்குட்பட்ட 129 பிள்ளைகள் கிடைத்தார்கள்.

அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. பிள்ளைக்குக் கொடுப்பதை மற்றவர்கள் பங்குபோட்டுவிடக் கூடாதே என்று குடும்பத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் மக்காச்சோள மாவு கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு மேலே சொன்ன விளையாட்டு வருகை. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதுக்கு இரண்டும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே தெருக்களிலிருந்து சரியான உயரமுள்ள 32 பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

குலுக்கல் எதற்கு என்று கேட்கலாம். யாருக்கு வேண்டுமோ அவர்கள் வரட்டும் என்று விட்டிருந்தால், ஏற்கெனவே பிள்ளைமேல் அக்கறையும் நேரமும் உள்ள அம்மாக்கள்தான் முதலில் வந்திருப்பார்கள். பிள்ளை நன்றாக வளர்ந்தால் அது அம்மாவால் வந்ததா, வருகையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டால் அக்கறையும் அலுப்பும், படிப்பும் படிப்பின்மையும் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்துவிடும். அதற்குமேல் ஒரு நுணுக்கமும் இந்த ஆய்வில் இருக்கிறது. விளையாட்டு கிடைக்காத வீடுகளுக்கும் உதவியாளர் வாரம் தவறாமல் போனார். பிள்ளைக்குக் காய்ச்சலா, சளியா, வயிற்றுப்போக்கா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். ஆக, வாரம் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனதே பிள்ளையை மாற்றிவிட்டது என்று பின்னால் யாரும் சொல்ல வழியில்லை. எல்லா வீட்டுக்கும்தான் ஆள் போனது. சில வீடுகளில் மட்டும் போனவர் தரையில் உட்கார்ந்தார். அந்த வித்தியாசத்தைத்தான் அளந்தார்கள்.

2 ஆண்டு முடிந்ததும் பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதித்தார்கள். நடை, கைக்கும் கண்ணுக்குமான ஒத்திசைவு, கேட்பதும் பேசுவதும், செயல்திறன் என்று நான்கு பிரிவாக அளக்கும் சோதனை அது. பாலுக்கும் பலன் இருந்தது, விளையாட்டுக்கும் பலன் இருந்தது. இரண்டும் பெற்றவர்கள், சரியான உயரமுள்ள பிள்ளைகளைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தார்கள். 1991-ல் லான்செட் இதழில் இது வெளியானது. இத்தோடு முடிந்திருந்தால் நல்ல ஆய்வு என்று நாலு பேர் மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

ஆனால் ஆய்வுக் குழுவின் சூசன் வாக்கரும் சகாக்களும் அந்தப் பிள்ளைகளை விடவில்லை. வருகைகள் நின்றுபோயின, பால்மாவும் நின்றுபோனது. பிள்ளைகள் அதே வளவுகளில், அதே பள்ளிகளில் வளர்ந்தார்கள். 7 வயதில் தேடிப் போய்ச் சோதித்தபோது பலன் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் பணம் கொடுப்பவர்கள் கையை உதறிவிட்டுப் போயிருந்தால் நமக்கு இன்று ஒன்றுமே தெரிந்திருக்காது. 11 வயதில் மறுபடி போனார்கள். பால் மட்டும் குடித்தவர்களிடம் பலனின் தடயம் இல்லை. விளையாடியவர்களிடம் இருந்தது. 17 வயதில் அவர்களின் அறிவுத்திறனும் வாசிப்பும் மேலாக இருந்தன. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அவர்களில் குறைவு. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைவாக இருந்தன. இதை எதிர்பார்த்து யாரும் அந்தப் பாட்டில் மூடிகளைக் கோக்கவில்லை.

22 வயதில் 129 பேரில் 105 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிலர் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்திருந்தார்கள். அங்கேயும் தேடிப் பிடித்தார்கள். விளையாட்டு வருகை கிடைத்தவர்கள் சண்டை, வன்முறை இவற்றில் குறைவாகவே ஈடுபட்டிருந்தார்கள். அவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். உயரக்குறைவே இல்லாமல் வளர்ந்தவர்கள் சம்பாதிக்கும் அளவை அவர்கள் தொட்டிருந்தார்கள். பால் கெர்ட்லர், பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் முதலானோர் 2014-ல் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். 31 வயதில் மறுபடி பார்த்தபோது ஒரு மணி நேரக் கூலியில் 43 சதவீதமும், மொத்த வருமானத்தில் 37 சதவீதமும் கூடுதல்.

வாரம் 1 மணி நேரம், 2 ஆண்டு. கணக்குப் போட்டால் சுமார் 100 மணி நேரம். நம் ஊரில் ஒரு பிள்ளை 2 மாதத்தில் அதைவிட அதிக நேரம் டியூஷனில் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 129 என்பது சின்ன எண்ணிக்கை, குழுவுக்கு முப்பத்துச் சொச்சம் பேர்தான். அதனால் அந்த 25 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வது தவறு. திசையை நம்பலாம், அளவைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி நின்று பேசலாம். ஆனால் வெவ்வேறு வயதில், வெவ்வேறு சோதனைகளில், 30 ஆண்டுகளாகத் திசை மாறாமல் ஒரே பக்கம் காட்டிக்கொண்டிருப்பது தற்செயல் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை.

100 மணி நேரம் எப்படி 30 ஆண்டு நிற்கும்? வந்தவர் பிள்ளைக்குப் பாடம் நடத்தினார் என்று எண்ணினால் விடை கிடைக்காது. கட்டை அடுக்குவதில் அப்படி என்ன பெரிய வித்தை இருக்கிறது? அந்த வயதில் கட்டை அடுக்கத் தெரியாத பிள்ளையும் 3 வயதில் தானாகவே அடுக்கும். மாறியது வேறு. அவர் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு மாறியது. சட்டையை மாட்டிவிடும்போது 'இந்தக் கையைக் கொடு, இப்போ அந்தக் கை' என்று சொல்லத் தொடங்கினார்கள். துணி துவைக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை டப்பாவில் போட்டு எடுத்தது, அம்மா எண்ணிச் சொன்னாள். வீட்டில் பேச்சும் விளையாட்டுச் சாமானும் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. வருகைகள் முடிந்த சமயத்தில் விளையாட்டுக் குழு வீடுகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. 1 மணி நேரம் வந்து போனவர் 167 மணி நேரத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மூளை அந்த வயதில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் இதன் கனம் விளங்கும். பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும் மூளை, 2 வயதில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதன் உள்ளே நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் தேவைக்கு மேலேயே முளைக்கின்றன. எது அடிக்கடி பயன்படுகிறதோ அது தடிக்கிறது, பயன்படாதது கத்தரிக்கப்படுகிறது. பயன்படுத்துவது என்றால் என்ன? பிள்ளை 'ங்கா' என்கிறது, அம்மா திரும்பிப் பார்த்து 'என்னடா சொல்றே' என்கிறாள், பிள்ளை காலை உதைத்துக்கொண்டு மறுபடி 'ங்கா' என்கிறது. பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவது போல. இந்தப் போக்குவரத்து ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. தொட்டில் அருகே டிவி ஓடிக்கொண்டிருந்தால் சொற்கள் காதில் விழும், ஆனால் பந்து திரும்பி வராது.

நம்மில் பலர், 'இதெல்லாம் பாட்டிமார் செய்தது தானே, யாராவது வந்து சொல்லித்தர வேண்டுமா?' என்பார்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதும், மடியில் ஆட்டிப் பாடுவதும் நம்மிடம் இருந்தது உண்மை. ஆனால் அதைச் செய்ய ஒருத்திக்கு இரண்டு வேண்டும். ஒன்று, கொஞ்சம் தெம்பு. மற்றது, இந்தச் சின்ன ஜீவனுக்கு நான் பேசுவது புரிகிறது, நான் செய்வதால் பலன் இருக்கிறது என்ற நம்பிக்கை. கிங்ஸ்டன் வளவுகளில் குறைவாக இருந்தது அந்த இரண்டாவது. தான் பள்ளிக்கூடம் போகவில்லை, தனக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி நின்ற அம்மாவிடம், 'நீதான் இவனுக்கு முதல் டீச்சர், பார், உன் கையைத்தான் பார்க்கிறான்' என்று வாரா வாரம் ஒருவர் வந்து காட்டினார். ஜமைக்கா ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பாராட்டைத்தான். வருபவர் அம்மாவைத் திருத்தக் கூடாது, அம்மா சரியாகச் செய்வதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியிலேயே இருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் வேறொருவர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். டேவிட் ஓல்ட்ஸ். பால்டிமோர் நகரில் ஏழைப் பிள்ளைகளின் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவர். 4 வயதில் வந்து சேரும் பிள்ளைகளில் சிலர் அதற்குள்ளேயே நிறைய அடிபட்டு வந்திருப்பதைப் பார்த்தார். இன்னும் முன்னால் போக வேண்டும், பிள்ளை பிறப்பதற்கும் முன்னால் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1977-ல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் தொடங்கி, முதல் பிள்ளையைச் சுமந்திருந்த 400 பெண்களைச் சேர்த்தார். பெரும்பாலோர் வயதில் மிக இளையவர்கள், மணமாகாதவர்கள் அல்லது ஏழைகள். நர்ஸுகள் கர்ப்ப காலத்தில் சராசரி 9 முறையும், பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை 23 முறையும் போனார்கள். 15 ஆண்டுக்குப் பிறகு பார்த்தால், பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்தியதாக, கவனியாமல் விட்டதாகப் பதிவான புகார்கள், நர்ஸ் போகாத குடும்பங்களைவிட 48 சதவீதம் குறைவாக இருந்தன.

இதே நர்ஸ் திட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1,645 இளம் தாய்மார்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. புகைபிடித்தல், பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம், அவசர சிகிச்சைக்கு ஓடுவது என்று முக்கியமாகப் பார்க்க நினைத்த நான்கிலும் பலன் இல்லை. திட்டம் பொய்யா? அப்படி நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அரசின் சுகாதாரப் பணியாளர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். இருட்டறையில் வைத்த விளக்குக்கும், ஏற்கெனவே விளக்கெரியும் அறையில் வைத்த விளக்குக்கும் வித்தியாசம் உண்டல்லவா? யாருமே எட்டிப் பார்க்காத வீட்டில்தான் வருகைக்கு வலிமை அதிகம்.

ஜமைக்காவிலிருந்து அந்த விளையாட்டு வருகைத் திட்டம் கொலம்பியாவுக்கும் வங்கதேசத்துக்கும் பெருவுக்கும் போனது. கொலம்பியாவில் 96 ஊர்களில் 1,420 பிள்ளைகள். அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் தலைவிகளாக இருந்த உள்ளூர்ப் பெண்களே வருகையாளர்கள். 18 மாதத்தில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக முன்னேறியது. ஆனால் 2 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றத்தைக் காணவில்லை. ஜமைக்காவில் நின்றது கொலம்பியாவில் ஏன் கரைந்தது? கிங்ஸ்டன் பிள்ளைகள் எல்லோருமே உயரம் குன்றியவர்கள், அவர்களுக்குத் தேவை அதிகம். அங்கே வருகை 2 ஆண்டு நடந்தது, இங்கே 18 மாதம். அங்கே சில டஜன் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிக் கண்காணித்தார்கள், இங்கே ஊர் ஊராக விரிந்தது. நான் கடைசிக் காரணத்தின் பக்கம் சாய்கிறேன். அதே சமயம், ஜமைக்காவிலும் 7 வயதில் பலன் மங்கித்தான் தெரிந்தது என்பதை மறக்க முடியவில்லை. கொலம்பியப் பிள்ளைகளைப் பற்றிய கடைசிச் சொல் இன்னும் எழுதப்படவில்லை.

நமக்குக் கிட்டத்தில் ஒடிசா இருக்கிறது. கட்டாக் நகரின் குடிசைப் பகுதிகளில் 421 பிள்ளைகளோடு 18 மாதம் நடந்தது. அங்கேயும் உள்ளூர்ப் பெண்கள்தான் போனார்கள், ஒடியாவில் பேசினார்கள், பொம்மைகளை அந்த ஊர்க் குப்பையிலிருந்தே செய்தார்கள். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி கூடியது. அடுத்து ஒடிசாவின் 192 கிராமங்களில் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள்: வீடு வீடாகப் போவதற்குப் பதில், அம்மாக்கள் சிலரை ஒரு திண்ணையில் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் என்ன? பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. செலவு வெகுவாகக் குறைந்தது. இந்த முடிவு எனக்கு மகிழ்ச்சியையும் கவலையையும் சேர்த்தே தந்தது. அரசாங்கம் செய்யக்கூடிய விலைக்கு வந்துவிட்டதே என்று மகிழ்ச்சி. கூட்டத்துக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் ஒருத்தி, மாமியாரிடம் அனுமதி கிடைக்காத ஒருத்தி, வெயிலில் கல்லுடைக்கப் போயிருக்கும் ஒருத்தி, இவர்களை அந்தத் திண்ணை எப்படித் தேடிப் போகும் என்று கவலை.

தமிழ்நாட்டில் இதற்கான ஆள் ஏற்கெனவே இருக்கிறார். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் ஊருக்கு ஊர் அங்கன்வாடியைத் தந்திருக்கிறது. வீடு வீடாகப் போவது அங்கன்வாடிப் பணியாளரின் வேலையில் ஒன்று. 5 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் உயரம் குன்றியவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கிங்ஸ்டனில் தேடித் தேடிச் சேர்த்த அந்த 129 பேரைப் போன்றவர்கள் நம் தெருவில் நாலில் ஒருவர்.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படியொரு வருகையைக் கூடவே போய்ப் பார்த்தேன். அங்கன்வாடி டீச்சர் நல்ல மனுஷி, நடையிலேயே தெரிந்தது. வாசலில் நின்று, 'ஏம்மா, பாப்பாவைத் தூக்கிட்டு வா' என்றார். தொங்கு தராசில் எடை பார்த்தார். 8 கிலோ 200. செல்போனில் ஏற்றினார். சிக்னல் இல்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. 'சத்துமாவைக் கஞ்சியா காய்ச்சாதே கண்ணு, உருண்டை பிடிச்சுக் குடு.' 'சரிங்க டீச்சர்.' நோட்டில் கையெழுத்து. மொத்தம் 7 நிமிடம். அந்தச் சின்ன வயது அம்மா இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். பிள்ளை டீச்சரின் சாவிக்கொத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. நீட்டிய கையை அம்மா அடக்கினாள், 'தொடாதே, டீச்சர் அடிப்பாங்க' என்றாள். டீச்சருக்கு இன்னும் நிறைய வீடு பாக்கி இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எடை, உயரம், தடுப்பூசி, இணை உணவு, கர்ப்பிணிக் கணக்கு, கணக்கெடுப்பு என்று அவர் தலையில் ஏற்றியது யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும், அது அவருடையது இல்லை.

ஆனால் அந்தக் கை நீண்டதே, அதை நான் மறக்கவில்லை. பந்து அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. இந்தப் பக்கம் பிடிக்க ஆள் இருந்தார், நேரம் இல்லை. சாவிக்கொத்தைப் பிள்ளை முன்னால் ஆட்டி, அம்மா கையில் கொடுத்து, 'நீ ஆட்டிக் காட்டு' என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு எந்த நோட்டிலும் பத்தி இல்லை, செல்போனில் பொத்தான் இல்லை.

அதனால் இப்போதெல்லாம், பிள்ளை வளர்ப்பு வருகை நடக்கும் எந்த ஊருக்குப் போனாலும், எத்தனை வீடு போனீர்கள் என்று நான் கேட்பதில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார்களா என்று பார்க்கிறேன். பிறகு ஒரு ஓரமாக உட்கார்ந்து, பேச்சைக்கூடக் கேட்காமல், ஒன்றை மட்டும் கவனிக்கிறேன். ஒரு மணி நேரம் முடியப் போகிற சமயத்தில் அந்தப் பொம்மை யார் கையில் இருக்கிறது?